திரைக்குள்ளிருந்து கேட்ட இரண்டு சத்தம்

அல்வினா பிரிங்க்மேயரும் நானும் பதினொரு வருஷம் தேர்தல் நாளில் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள். அவள் ஜனநாயகக் கட்சி சார்பில், நான் குடியரசுக் கட்சி சார்பில். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில், வண்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் திரை போட்ட வாக்குப் பொறியை வைப்பார்கள். வருகிறவர்களின் பெயரை நாங்கள் இருவரும் இரண்டு பட்டியலில் பார்த்துக் கோடு போடுவோம். மற்ற நாட்களில் அவள் என் வாடிக்கைக்காரி. வீட்டு முன்னறையில் நான் நடத்திவந்த அழகு நிலையத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமைக்கு ஒருமுறை வந்து, தலையில் சுருள் சுற்றிக்கொண்டு பேசிவிட்டுப் போவாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டு நாற்காலியிலும் தெரிந்துகொண்டதுதான்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் அவளுக்கு வேலை. இருட்டறையில் முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். நாளெல்லாம் அதையே பார்த்துப் பார்த்து, மூடிக்கிடக்கிற எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாள். மறுக்க மாட்டாள்.

அவள் புருஷன் ஆர்வில், கவுண்டி என்று நாங்கள் சொல்கிற மாவட்டத்தின் சாலைத் துறையில் கிரேடர் ஓட்டினான். ஜல்லிச் சாலையைச் சீவி மட்டமாக்குகிற பெரிய மஞ்சள் வண்டி. எங்கள் டோலர் கவுண்டியில் அந்த வேலையெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கிடைக்காது. எந்தக் கட்சி ஜெயிக்கிறதோ அந்தக் கட்சிக்காரர்களுக்குக் கிடைக்கும். ஜனநாயகக் கட்சி ஜெயித்த வருஷத்தில் ஆர்வில் உள்ளே போனான். அதற்குப் பிறகு அவன் வாக்களிப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். பொறியின் இடது ஓரத்தில் கட்சிக்கு ஒன்றாகப் பெரிய பிடி இருக்கும். அதை ஒரு இழுப்பு இழுத்தால் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் அத்தனை பேர் மேலும் சின்னப் பிடிகள் வரிசையாகக் கவிழ்ந்துவிடும். யாரையாவது பிடிக்கவில்லையென்றால் அந்த ஒரு பிடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, எதிர்க்கட்சி வரிசையில் வேறொன்றைக் கீழே இறக்கலாம். ஆர்வில் அதெல்லாம் செய்ததில்லை. திரை மூடும், 'டங்' என்று ஒரு சத்தம், திரை திறக்கும். தொப்பியைக்கூடக் கழற்ற மாட்டான்.

"என்ன ஆர்வில், உள்ள போனியா இல்ல எட்டிப் பாத்தியா?" என்று நான் கேட்பேன்.

"யோசிக்கிறதுக்கு ஹூபர்ட்டு இருக்கான் நெட்டி. இழுக்கிறதுக்கு நான் இருக்கேன்" என்பான். ஹூபர்ட் கெஸ்லர் அவர்களுடைய கட்சிக்கு எங்கள் ஊர்ப் பொறுப்பாளர். அல்வினா பட்டியலைப் பார்த்தபடியே பெருமையாகப் புன்னகை செய்வாள்.

1978-ல் மாக்சின் ஃபெரீ திரும்பி வந்தாள்.

மாக்சின் எங்கள் ஊரில் பிறந்தவள். போர் முடிந்து ஆர்வில் ஊர் வந்த வருஷம், இரண்டு பேரும் கோடை முழுக்கச் சேர்ந்து நடனத்துக்குப் போனார்கள். அப்புறம் அவள் காப்பீட்டு முகவர் ஒருவனைக் கட்டிக்கொண்டு இண்டியானாபொலிஸ் போய்விட்டாள். ஆர்வில் அல்வினாவைக் கட்டியது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து. இந்த ஒன்றரை வருஷக் கணக்கை அல்வினா ஒருநாளும் மறந்ததில்லை. புருஷன் இறந்ததும் ஊரோடு வந்த மாக்சின், எங்கள் கட்சி சார்பில் கவுண்டி எழுத்தர் பதவிக்கு நின்றாள். திருமண உரிமம், நீதிமன்றப் பதிவேடுகள் எல்லாம் பார்க்கிற வேலை. ஐம்பத்து மூன்று வயதிலும் இடுப்பு இருந்த இடத்தில் இருந்தது. தலைமுடிக்கு என்னிடம் வராமல் கவுண்டித் தலைநகரில் போய்ச் செய்துகொள்வாள். அந்த வகையில் எனக்கும் அவள்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

எதிரே நின்றவர் டெல்பர்ட் ஸ்ட்ரவுட். எட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தார். மதியத்துக்கு மேல் அவரிடம் கையெழுத்து வாங்கினால் கோடு நேராக இருக்காது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அல்வினா கைப்பையிலிருந்து ஒரு நகம் தேய்க்கும் அட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். 'மாக்சின் ஃபெரீ, கவுண்டி எழுத்தர்' என்று அதில் அச்சடித்திருந்தது. எல்லாப் பெண்களுக்கும் அவள் கொடுத்துக்கொண்டிருந்த அட்டைதான்.

"இது எங்க இருந்துச்சு தெரியுமா? ஆர்வில் வண்டி டேஷ்போர்டுக்குள்ள."

"இருந்தா என்ன?"

"முப்பது வருஷமா பேனாக்கத்தியால நகம் வெட்டுறவன் நெட்டி அவன். அவனுக்கு எதுக்குடி இது?"

அவனிடமே கேட்டாளாம். இஞ்சினுக்குள் தீப்பொறி வருகிற முனையில் கரி பிடித்தால் அதைத் தேய்க்க இதைவிட நல்ல சாமான் இல்லை என்றானாம். உண்மையும் அதுதான், என் அண்ணனும் அப்படித்தான் செய்வான். நான் சொன்னேன். அவள் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவனோடு சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அக்டோபரில் தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து. இரண்டு கட்சி வேட்பாளர்களும் வந்து கை குலுக்குவார்கள், பெண்கள் இனிப்பு செய்து கொண்டுவருவார்கள். அல்வினா பெர்சிமன் பழத்தில் செய்கிற புட்டிங் என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை. அன்று மாக்சினும் ஒரு தட்டு பெர்சிமன் புட்டிங் செய்துகொண்டு வந்திருந்தாள். ஆர்வில் அதில் ஒரு துண்டு எடுத்தான். பிறகு இன்னொரு துண்டு எடுத்தான். அல்வினா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மாக்சின் அவனிடம் வந்து நின்றாள். "ஆர்வில், எங்க ரோட்டுல போனா பல்லு ஆடுது. நீ ஓட்டுற வண்டிதானே அது? எங்க பக்கம் வர்றதே இல்லையா?"

"வரிசைப்படி வரும்" என்றான் ஆர்வில். காது மட்டும் சிவந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் கிரேடர் மாக்சின் வீட்டுச் சாலையில் இரண்டு முறை போனது. முதல் முறை வரிசைப்படி. இரண்டாவது முறை, மழை பெய்து அரித்துவிட்டதால். மழை எல்லாச் சாலையிலும்தான் பெய்தது. இதை அல்வினாவுக்குச் சொன்னவள் பண்ணையில் கூட வேலை பார்க்கிறவள். சொன்ன அன்று அல்வினா பிரித்த முட்டைகளில் பாதியை மேற்பார்வையாளர் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

அன்று இரவுச் சாப்பாட்டில் நேராகவே கேட்டிருக்கிறாள்.

"இந்தத் தடவையும் கட்சிப் பிடியத்தானே இழுக்கப் போற?"

"அது எனக்கும் அந்தத் திரைக்கும் உள்ள விஷயம் அல்வினா."

முப்பது வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எவளோடோ ஓடிப்போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால்கூட அவள் அவ்வளவு பதறியிருக்க மாட்டாள். ஓடிப்போகிறவனுக்குச் சாமான் கட்ட வேண்டும், வண்டி எடுக்க வேண்டும், ஊர் பார்க்கும். இது அவன் மனசுக்குள் ஒரு அறை. அதற்கு அவன் கதவு போட்டுவிட்டான்.

தேர்தலன்று நண்பகல் ஆர்வில் சேற்று பூட்ஸோடு வந்தான். நான் கோடு போட்டேன். அல்வினாவும் போட்டாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. திரை மூடியது. 'டங்' என்று பெரிய பிடியின் சத்தம். அப்பாடா என்று நான் நினைத்தேன்.

திரை திறக்கவில்லை.

திரைக்குக் கீழே பூட்ஸ் தெரிந்தது. மெதுவாக இரண்டடி வலது பக்கம் நகர்ந்து நின்றது. காலையில் பெயர்ச் சீட்டுகளைச் சரிபார்த்தவர்கள் நாங்கள்தான். எந்தப் பதவி எந்த இடத்தில் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் போய் நின்றது கவுண்டி எழுத்தர் இடத்துக்கு நேராக. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், ஒன்றைத் தூக்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற ஒருவர் இருமினார். அப்புறம் இன்னொரு 'டிக்', ஒன்றை இறக்கியது.

ஆர்வில் வெளியே வந்து, "மழை வரும் போல" என்று யாருக்கோ சொல்லிவிட்டுப் போனான். அல்வினா கையிலிருந்த பென்சில் முனை உடைந்திருந்தது. என் பென்சிலைக் கொடுத்தேன்.

"ஒரு நிமிஷம் ஆச்சு" என்றாள்.

"அவ்வளவு இருக்காது."

"நான் எண்ணுனேன்."

ஆறு மணிக்குச் சாவடி மூடிப் பொறியின் பின்பக்கத்தைத் திறந்து எண்களைப் படித்தோம். எப்போதும் போல எங்கள் சாவடியில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் எல்லாம். கவுண்டி எழுத்தர் இடத்தில் மட்டும் மாக்சினுக்கு மற்ற எங்கள் வேட்பாளர்களைவிடப் பத்தொன்பது வாக்கு கூடுதல். கவுண்டி முழுக்க எண்ணியபோது, எங்கள் கட்சியில் ஜெயித்தது அவள் ஒருத்திதான்.

மறுநாள் ஹூபர்ட் அந்தப் பத்தொன்பது பேரைத் தேடத் தொடங்கினான். சாவடியில் வேலை செய்கிற நாங்கள் தேர்தலன்று காலையில் கை உயர்த்தி உறுதிமொழி எடுப்போம். யார் எப்படி வாக்களித்தார் என்று தெரிந்தாலும் சொல்லக்கூடாது. பதினொரு வருஷம் அல்வினா அதைக் காப்பாற்றினாள். ஹூபர்ட் மளிகைக்கடை வாசலில் அவளைப் பார்த்து, "நம்ம ஆளுங்கள்லயே யாரோ காலை வாரிட்டாங்க அல்வினா. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று சும்மா கேட்டான். அவள் கையில் ரொட்டியும் பாலும் இருந்தன. "பத்தொன்பதுல ஒண்ணு என் வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

ஜனவரியில் ஆர்வில்லை கிரேடரிலிருந்து இறக்கினார்கள். சாலையோரப் புதர் வெட்டுகிற குழுவில் போட்டார்கள். அந்தக் குளிர்காலம் பனி இடுப்பு வரை. ஐம்பத்தைந்து வயதில் கையில் அரிவாளோடு லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து அவன் போவதை ஊரே பார்த்தது. கிரேடரை ஹூபர்ட்டின் மருமகன் ஓட்டினான். ஓட்டத் தெரியாமல் இரண்டு அஞ்சல் பெட்டியைச் சாய்த்தான்.

யார் சொன்னது என்று ஆர்வில்லுக்கு ஒரு முடிவு இருந்தது. அன்று மேஜையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பெண்டாட்டி. மிச்சம் நான். எங்கள் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கிக் காட்டுவது வழக்கம், விரோதிகூடக் காட்டுவான். ஆர்வில் என்னைக் கடந்து போகும்போது பத்து விரலும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. ஏன் என்று புரியாமல் நான் இரண்டு மாதம் தவித்தேன். அல்வினா வழக்கம்போல வெள்ளிக்கிழமை வந்து தலையைக் கொடுத்தாள். முன்போல் பேசவில்லை. தலைவலி என்றாள்.

மார்ச்சில் ஒருநாள், தலையை அலசிக்கொண்டிருக்கும்போது, கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"நெட்டி, ஹூபர்ட்டுகிட்ட சொன்னது நான்தான்."

நான் தண்ணீரை நிறுத்தவில்லை. "என்ன சொன்ன?"

"ஆர்வில் மாத்திப் போட்டான்னு. அவன் நீதான் சொன்னேன்னு நெனச்சிட்டிருக்கான். நான் சும்மா இருந்துட்டேன்."

"இத எங்கிட்ட எதுக்குடி சொல்ற?" இப்போது தண்ணீரை நிறுத்தினேன். "அந்த மனுஷன் பனியில புதர் வெட்டுறான். என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான். நீ வாராவாரம் இங்க வந்து ஜம்முனு உக்காந்திருக்க!"

"வாரம் விட்டு வாரம்" என்றாள்.

"எந்திரி. ஈரத்தலையோடயே போ. போய் அவன்கிட்ட சொல்லு."

துண்டு சுற்றிய தலையோடுதான் அன்று வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஆர்வில் பீன்ஸ் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். சொன்னதும் கரண்டியை வைத்தான்.

"நீயா?"

"நான்தான்."

"ஏன்?"

"நீ அவளுக்குப் போட்டியா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல."

"போட்டேன்."

"அப்ப ஏன்னு கேக்கிற?"

ஆர்வில் பொறுமையாகவே சொன்னானாம். அவர்கள் மகள் காரல் ஜீனுக்குக் கல்யாண உரிமம் வாங்கப் போனபோது டெல்பர்ட் குடித்துவிட்டு மாப்பிள்ளை பெயரைத் தப்பாக எழுதி, திருத்த மூன்று நாள் அலைய விட்டதையும், அல்வினா அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததையும். "அந்தாளுக்கு என்னால திரும்பப் போட முடியல. எதிர்ல நின்னவ அவ. நான் என்ன பண்ண?"

"அவ பேரத் தேடிப் போயி இறக்குனியே, அதச் சொல்லு. முப்பது வருஷமா நீ யாரு பேரையும் தேடுனது கிடையாது. வரிசையோட இழுத்துட்டு வந்துடுவ. என்னையும் அப்படித்தான் கட்டுன. ஒரே சர்ச், ஒரே கட்சி, உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே பெஞ்சு. வரிசையில நான் இருந்தேன், வந்துட்டேன். நீயா பாத்துத் தேடி எடுத்தது ரெண்டு தடவையும் அவளத்தான்."

ஆர்வில் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். சூப் ஆறிவிட்டது.

"நாப்பத்தாறுல அவ போனப்ப, கிறிஸ்துமஸ் வரைக்கும் எனக்கு மனசு சரியில்ல. அவ்வளவுதான். பொய் சொல்லல. உன்ன எப்படிக் கட்டுனேன்னு எனக்குச் சொல்லத் தெரியல அல்வினா. அந்த மாதிரியெல்லாம் நான் யோசிச்சதில்ல. ஆனா எனக்குக் கிரேடர்னா எவ்வளவு இஷ்டம்னு உனக்குத் தெரியும். அப்படியும் சொல்லிட்ட."

அவள் அப்போதுதான் அழுதாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் உப்பு, ரொட்டி, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சில்லை.

அல்வினா சொன்னதற்கு மறுநாள் ஆர்வில் என் கடைக்கு வந்தான். உள்ளே நான்கு பெண்கள் தலையில் சுருளோடு இருந்தார்கள். ஆம்பளை யாரும் வராத இடம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முடி உலர்த்தும் பொறிக்குக் கீழே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"நெட்டி, நான் உன்னத் தப்பா நெனச்சுட்டேன்."

"தெரியும்."

"மன்னிச்சுக்க."

"சரி. அங்க உக்காந்தா சூடு போட்டுவிட்டுடுவேன், எந்திரி" என்றேன். பெண்களோடு அவனும் சிரித்தான். யார் சொன்னது என்று அவன் அந்த நால்வரிடமும் சொல்லவில்லை. கடைசி வரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் அவன் சாலைத் துறையை விட்டு விலகினான். பக்கத்துக் கவுண்டியில் மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மண் தள்ளும் வண்டி ஓட்ட ஆள் எடுத்தார்கள். எந்தக் கட்சி என்று கேட்காத வேலை. குடும்பக் காப்பீட்டுக்குத் திருமணச் சான்று நகல் வேண்டுமென்றார்கள். அது இருப்பது கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில். ஆர்வில் போகிறேன் என்றான். "நீ போகவே வேண்டாம்" என்று அல்வினா கிளம்பினாள். கிளம்பும் முன் என்னிடம் வந்து தலை செய்துகொண்டாள். கல்யாண வீட்டுக்குக்கூட அவ்வளவு நேரம் உட்கார்ந்தவளில்லை.

அலுவலகம் பளிச்சென்று இருந்ததாம். மாக்சின் இரண்டே நிமிஷத்தில் 1948-ஆம் வருஷப் பதிவேட்டை எடுத்து, பக்கத்தைக் கண்டுபிடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் பெயரையும் வாசித்தாள். நகலில் முத்திரை குத்திக் கையில் கொடுத்தாள். அதோடு திரும்பியிருக்கலாம். அல்வினா திரும்பவில்லை.

"உனக்குப் போட்டதாலதான் அவருக்கு கிரேடர் போச்சு. தெரியுமா உனக்கு?"

மாக்சின் கண்ணாடியைக் கழற்றினாள். "யாரு? ஆர்வில்லா? எனக்கா போட்டான்?"

"தெரியாத மாதிரிக் கேக்காத."

"சத்தியமா தெரியாது அல்வினா. நான் நேர்லயே ஓட்டுக் கேட்டேன், ஒண்ணுமே சொல்லல. கட்சிப் பிடிய இழுத்திருப்பான்னுதான் நெனச்சேன்." சொல்லிக்கொண்டே அவள் கை தானாகப் போய்க் காதோரத்து முடியைச் சரிசெய்ததாம். கழுத்து வரை சிவந்துவிட்டாள். "ஆர்வில்லா!" என்று மறுபடியும், இந்த முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அந்த மூஞ்சியப் பாக்கணுமே நெட்டி" என்று அல்வினா என் நாற்காலியில் வந்து விழுந்தாள். "பதினெட்டு வயசுப் பொண்ணு மாதிரி. அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும். நானே எடுத்துக் கையில குடுத்துட்டு வந்துட்டேன்."

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்கும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்தது. அரை நிமிஷம்தான். அப்புறம் கண்ணாடியில் தன் இடுப்பைப் பார்த்துவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உறுதிமொழியை மீறிவிட்டோம் என்று தெரிந்ததால் சாவடி மேஜைக்கு அவள் பிறகு வரவில்லை. ஹூபர்ட் இரண்டு முறை கூப்பிட்டான். கோழிப்பண்ணையில் இரண்டு ஷிப்டு என்று சாக்குச் சொன்னாள். அவளுக்குப் பதிலாக வந்தவள் நாளெல்லாம் நூல் பின்னினாள், எனக்குப் பேச்சுத்துணையே இல்லை. ஆர்வில் மின்நிலையத்தில் ஒன்பது வருஷம் ஓட்டினான். அந்த வண்டி கிரேடரைவிடப் பெரியது, அதைப் பற்றி யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். வீட்டில் சண்டை போய்ப் பழைய பேச்சு வந்தது. முழுசாக வந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். அவன் தாமதமாக வந்தால் எந்த வழியாக வந்தான் என்று கேட்கிற பழக்கம் அவளுக்குக் கடைசி வரை இருந்தது. அவனும் ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லுவான்.

நான்கு வருஷம் கழித்து மாக்சின் மறுபடியும் நின்றாள். எதிரே டெல்பர்ட் இல்லை, நல்ல பையன் ஒருவன் நின்றான். ஆர்வில் காலைச் சாப்பாட்டிலேயே, கேட்காமலே, "இந்தத் தடவை கட்சிப் பிடிதான்" என்று சொல்லிவிட்டானாம். அல்வினாவுக்கு அதிலும் நிம்மதியில்லை.

"எனக்காகச் சொல்றான் நெட்டி. அவன் இஷ்டத்துக்கு விட்டா யாருக்குப் போடுவான்னு இனி எனக்குத் தெரியவே தெரியாது."

தேர்தலன்று அவள் மாலை நாலு மணிக்கு வாக்களிக்க வந்தாள். நான் பட்டியலில் கோடு போட்டேன். உள்ளே போய் வெகுநேரம் நின்றாள். நான் காதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நூல் பின்னுகிறவளிடம் வானிலை பேசினேன். மாக்சின் அந்த முறையும் ஜெயித்தாள், நல்ல வித்தியாசத்தில்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுருள் சுற்றும்போது நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"அவ வேலையில கெட்டிக்காரிதான். அத நான் இல்லேன்னு சொல்லல. கொஞ்சம் அவலட்சணமா இருந்திருந்தா நானே போட்டிருப்பேன்."